கை காட்டியதும் நின்ற அழுகை

அனுப்புநர்:
சாமித்தம்பி சுலோஜனா,
கோயில் பின்வீதி, சித்தாண்டி.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர்,
மட்டக்களப்பு.

விடயம்: தாயாரின் அழுகை பொய்யென எழுதிய குறிப்பை நீக்கி, தகப்பனார் பற்றிய விசாரணையை மீளத் திறக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 1990 ஓகஸ்டில், செங்கலடிக்கு நெல் கொண்டுபோன என் தகப்பனார் சாமித்தம்பியை வீதியில் மறித்து ஏற்றிச் சென்றார்கள். அவர் திரும்பவில்லை. நான் அப்போது தாயார் சின்னத்தங்கத்தின் வயிற்றில் இருந்தேன்.

2. தாயார் மன்னாரில் படகேறி, கும்மிடிப்பூண்டி அகதி முகாமுக்குப் போனார். சென்னையிலுள்ள ஒலிப்பதிவுக் கூடமொன்றிலிருந்து, சாவுவீட்டுக் காட்சிக்கு அழ ஆள் தேடி வந்தார்கள். அன்றிலிருந்து பதின்மூன்று வருடம் கதாநாயகிகளுக்காக அழுதார். வசனம் வேறொருத்தி பேசுவாள். அழுகை மட்டும் இவருடையது. திரையில் நடிகை வாய் மூடும் நொடியில், கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் கை காட்டுவார். உடனே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அப்படியொரு அழுகைக்கு ஒரு நடிகை விருதும் வாங்கினார். எந்தப் படத்திலும் தாயாரின் பெயர் இல்லை.

3. ஊர் திரும்பியபின் கலைஞர் பதிவுக்கு விண்ணப்பித்தோம். "அழுகை அங்கீகரிக்கப்பட்ட கலைத்துறை அல்ல" என்று கடிதம் வந்தது (இணைப்பு 1). விட்டுவிட்டோம்.

4. கடந்த பெப்ரவரியில், காணாமற்போனோர் பற்றி விசாரிக்க வந்த குழுவொன்று தாயாரை அழைத்தது. இந்தியாவில் என்ன தொழில் என்று கேட்டார்கள். மறைக்காமல் சொன்னார். தகப்பனாரின் படத்தைக் காட்டியபோது அழுதார். போதும் என்று அதிகாரி கை காட்டினார். தாயார் சட்டென்று நிறுத்தினார். பழக்கம், ஐயா. அறிக்கையில் எழுதியிருப்பதோ: "சாட்சி திரைப்படத்துறையில் பயிற்சி பெற்றவர். சைகை கண்டதும் அழுகை நின்றது. நம்பத்தகுந்ததல்ல." கோப்பு மூடப்பட்டது (இணைப்பு 2).

5. ஒரு கடிதம் அழுகை கலையல்ல என்கிறது. அறிக்கையோ, கலை என்பதாலேயே பொய் என்கிறது. இரண்டிலும் அரச முத்திரை இருக்கிறது. தாயார் அழக் கற்றது சென்னையில் அல்ல. ஒவ்வொரு பதிவிலும் என் தகப்பனாரை நினைத்தே அழுதார். அங்கே அவர் கற்றது நிறுத்த மட்டுமே.

6. அந்த அறிக்கை கிடைத்த அன்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அழுதா நடிப்பு எண்டுறாங்க. அழாட்டி, புருசனப் பறிகுடுத்த பொம்பிளையா இவள் எண்டுவாங்க. நான் என்னத்தச் செய்ய, மகள்?"

கலைஞர் அட்டை எங்களுக்கு வேண்டாம். அந்தக் குறிப்பை நீக்கி, தாயாரை மீண்டும் அழைத்து விசாரிக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று அவர் அழத் தொடங்கினால், தானாக முடிக்கும்வரை யாரும் கை காட்டக்கூடாது என்பதையும் எழுத்தில் பணிக்க வேண்டும்.

இரு இணைப்புகளின் பிரதிகளுடன்,
சா. சுலோஜனா
சித்தாண்டி
12.09.2025