நீங்கள் கேட்காத மருந்து

அப்பா,

நேற்று தம்போய் முதியோர் இல்லத்தில் யாருக்கோ கஞ்சியில் மாத்திரைத் தூளைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கசப்பு வாடை மூக்கில் ஏறியதும் நீங்கள் முகம் சுளிப்பது கண்முன் வந்தது. இப்போது அங்கேயே இருக்கும் சித்தப்பாவைப் பார்க்கப் போனவன் வாசலிலேயே சற்று நின்றுவிட்டேன்.

நீங்கள் அங்கே இருந்தபோது ஞாயிறு பூசை முடிந்து வருவேன். மற்ற நாளெல்லாம் எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை, போக வர பாலத்தில் வண்டி ஜேம். வாரம் ஒருமுறை வருகிறவனுக்கு, தான் மகன் என்று காட்டிக்கொள்ள ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. உங்கள் சிறுநீர் கலங்கியிருந்தாலோ பேச்சு கொஞ்சம் தடுமாறினாலோ, ஆன்டிபயாட்டிக் கொடுக்கச் சொல்லி நின்றேன்.

தாதி மேகலா ஒருமுறை தடுத்தார். "அண்ணே, அப்பாவுக்குக் காய்ச்சல் இல்ல, வலியும் இல்ல. தண்ணி நல்லா குடிக்க வச்சுப் பார்ப்போம்லா. தேவையில்லாம குடுத்தா, தேவைப்படுறப்ப மருந்து கேட்காது."

"ஏதாச்சும் ஆனா நீங்க பொறுப்பா?" என்று குரலை உயர்த்தினேன். இல்லத்துக்கு வரும் டாக்டரும் எழுதிக் கொடுத்தார். நீங்கள் என் சட்டை நுனியைப் பிடித்து, "மருந்து வேணாம்டா, கொஞ்சம் உக்காரு" என்றீர்கள். "ஜேம் ஆயிடும்பா" என்று கிளம்பினேன். அதன் பிறகும் பலமுறை கேட்டு வாங்கினேன்.

பிறகு உண்மையாகவே காய்ச்சல் வந்தது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், "வழக்கமான மருந்து எதுவும் கேட்கல. முன்னாடி நிறைய ஆன்டிபயாட்டிக் குடுத்தாங்களா?" என்றார். அது குற்றம் சாட்டும் குரல் இல்லை. தலையாட்டினேன். வீரியமான மருந்தை ஏற்றினார்கள். உங்கள் உடம்பு தாங்கவில்லை. நான் கேட்டு வாங்கிய மருந்தால்தான் நீங்கள் போனீர்கள் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. தங்கச்சி, "வயசாயிடுச்சுண்ணே, விடு" என்கிறாள். என்னால் விட முடியவில்லை.

நேற்று சித்தப்பாவும் தடுமாறினார். என்னை நீங்கள் என்று நினைத்து, "அண்ணே" என்று கூப்பிட்டார். மேகலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சத்தம் போடுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

"என்ன பண்ணலாம், சொல்லுங்க" என்றேன்.

"காய்ச்சல் இல்ல. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். நீங்க தண்ணி குடுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடக்கு மடக்காகக் கொடுத்தேன். பொழுது சாயும்போது சித்தப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நீ இன்னும் போகலியா?" என்றார்.

உங்கள் வாயிலிருந்து அந்தக் கேள்வி ஒருநாளும் வந்ததில்லை, அப்பா. அதற்கு நான் இடம் வைக்கவே இல்லை. சித்தப்பாவின் டம்ளரை மறுபடி நிரப்பினேன்.