எப்போதும் இருபத்தைந்து

செப்டம்பர் 16, 2008 – செவ்வாய்

நாளை விஸ்வகர்மா பூஜை, இந்த ஊர்க்காரர்களின் ஆயுத பூஜை. சர்வர் அறையைத் துடைத்ததில் தும்மல் நிற்கவில்லை. பூஜையன்று எந்த மெஷினும் ஓடக் கூடாது, அதற்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று மேனேஜர் மிருணாள்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மற்ற நாளெல்லாம் மனிதர் பக்கா நாத்திகர்! எங்கள் சர்வரிலிருந்துதான் ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் ஏழு கிளைகளுக்கும் ரிப்போர்ட் போகிறது. ஒரு நாள் கையால் எழுதிச் சமாளிக்கிறோம் என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். நூற்றைம்பது நாளாக நிற்காமல் ஓடியதை மாலை ஐந்தரைக்கு நானே நிறுத்தினேன்.

அக்டோபர் 15-ஆம் தேதி என் ஆறு மாத ப்ரொபேஷன் முடிகிறது. ஒன்பது வருஷம் வீட்டில் இருந்துவிட்டு முப்பத்தேழு வயதில் கிடைத்த வேலை. இது போனால் இன்னொருவர் கூப்பிடமாட்டார். எனக்கு இந்த வேலை வேண்டும். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் வேண்டும்.

செப்டம்பர் 17

பூஜையன்று பட்டம் விடுவது இந்த ஊர் வழக்கம்; ஆபீஸ் இருக்கும் சால்ட் லேக் வானம் முழுக்கப் பட்டம். சர்வருக்கு மிருணாள்தா கையால் சாமந்தி மாலை, சிந்தூரப் பொட்டு. ஆபரேட்டர் முகமது இஸ்மாயில், நோன்பு வயிற்றோடு மொட்டைமாடியில் நின்று நாலு பட்டம் அறுத்தான். காயல்பட்டினத்துக்காரன். ஆபீசில் தமிழில் பேச எனக்கு இருக்கும் ஒரே ஆள்.

செப்டம்பர் 18

காலையில் சர்வரை ஏற்றினோம். பதினொரு மணிக்கு முதல் போன். பத்து செகண்டில் வந்த ரிப்போர்ட்டுக்கு இப்போது நாலு நிமிஷம் ஆகிறதாம். அடுத்தடுத்து ஆறு போன்.

செப்டம்பர் 19

சர்வர் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று மணிக்கொரு தரம் பார்த்துத் தாளில் எழுதுவது இஸ்மாயில் வேலை. எழுபதைத் தாண்டினால் சிவப்புப் பேனா, இல்லையென்றால் பச்சை. நேற்றும் இன்றும் எல்லாம் பச்சை. மிருணாள்தா லேப்காரர்களிடம் போனில், “இருபத்தஞ்சு பர்சென்ட்தான். சர்வர் தூங்கிட்டிருக்கு. உங்க லைனைப் பாருங்க” என்றார். போனை வைத்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நிறுத்தியது நான்தானே?

செப்டம்பர் 22 – திங்கள்

லேபின் டாலிகஞ்ச் கிளை வீட்டுக்குப் பக்கத்தில்தான். ஆபீசுக்குப் போகிற வழியில் நுழைந்து பார்த்தேன். பெஞ்சு நிரம்பி வாசல்படி வரை ஆட்கள். நிறைமாதப் பெண் ஒருத்தி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள், சுகர் ரிப்போர்ட்டுக்காக. என்னை அடையாளம் தெரிந்த கவுண்ட்டர் பெண், “தீதி, உங்க மெஷின் உயிரோட இருக்கா?” என்றாள். பஸ் ஏறிவிட்டேன்.

செப்டம்பர் 23

மிருணாள்தா தாளை மேஜைமேல் வீசினார். எல்லா மணிக்கும் 25, 25, 25. பார்க்காமலே எழுதுகிறாயா என்று இஸ்மாயிலை எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். பையனுக்கு முகம் சுண்டிவிட்டது.

“நோம்பு வச்சிக்கிட்டுப் பொய் எழுதுவேனாக்கா?”

மூன்று மணிநேரம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து நானும் பார்த்தேன். பொய்யில்லை. 25. எப்போதாவது 26. ஏன் ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்கிறது?

செப்டம்பர் 24

இன்று வீட்டில் சண்டை போட்டேன். ஆபீசிலிருந்து வந்து சமைத்து, பாத்திரம் தேய்த்து, துணி மடித்து... மூன்று பேரும் டிவி. கணவர், மகள் மஹிமா, மச்சினன் கௌசிக். “எல்லாருந்தான் வீட்டுல வேலை செய்றோம், அண்ணி” என்றான் கௌசிக். ஆமாம்டா! நாலு பேர், ஒருத்தி முழு வேலை. சராசரி போட்டால் ஆளுக்குக் கால்வாசி வேலை செய்கிறோம். கணக்கு என்னவோ சரிதான்...

இருபத்தைந்து!

எங்கள் சர்வரின் பிராசஸரில் நாலு கோர், நாலு வேலையாட்கள் மாதிரி. தாளில் எழுதுவது நாலுக்கும் சேர்த்துச் சராசரி. கடவுளே, எப்போது விடியும்?

செப்டம்பர் 25

செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. நாங்கள் தினமும் பார்க்கும் அதே திரையில் ஒன்று என்ற எண்ணை அழுத்தினால் ஒரு வரி நாலு வரியாகப் பிரியும். கோருக்கு ஒரு வரி. அழுத்தினேன்.

100. 0. 1. 0.

“அக்கா, மூணு பேரு சும்மால்லா இருக்கானுவ!” இஸ்மாயில் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் இப்படி ஆனது என்று நாளை கண்டுபிடித்துவிட்டு மிருணாள்தாவிடம் போகலாம் என்றேன்.

செப்டம்பர் 26

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்திருக்கவே வேண்டாம்.

சர்வர் ஏறும்போது படிக்கும் கோப்பில் ஒரு வரி: ரிப்போர்ட் புரோகிராம் முதல் கோரில் மட்டும் ஓடட்டும். அதற்கு மேலே தேதி, ஏப்ரல் 22. பக்கத்தில் எழுதியவர் பெயர். நாகலட்சுமி.

நான்தான். சேர்ந்த முதல் வாரம். அப்போது ரிப்போர்ட் புரோகிராம் அடிக்கடி நின்றுபோனது. அதை எழுதிக் கொடுத்த கம்பெனி ஆள் இப்படிச் செய்து பாருங்கள் என்று போனில் சொன்னார். மறுநாளே சரிசெய்த புரோகிராம் வந்துவிட்டது. இந்த வரியை எடுக்க மறந்தேபோனேன். சர்வரை நிறுத்தி ஏற்றினால்தான் அது வேலை செய்யும். நிறுத்தவே இல்லையே, பூஜை வரும்வரை.

இஸ்மாயில் இதைப் பார்க்கவில்லை. அழித்துவிட்டு ஒரு தடவை நிறுத்தி ஏற்றினால் போதும். எல்லாம் சரியாகிவிடும். என்னைக் கெட்டிக்காரி என்பார்கள். ப்ரொபேஷன் முடிய இன்னும் பத்தொன்பது நாள். எதுக்கு இப்ப போய் சொல்லணும்? யாரு கேக்கப் போறா?

செப்டம்பர் 27

கணவரிடம் சொன்னேன். “சத்தமில்லாம எடுத்துடு நாகு. அவங்களுக்கு ரிப்போர்ட் வந்தா சரி” என்றார். எனக்காகத்தான் சொல்கிறார். நானும் அதைத்தானே நினைத்தேன்? அப்புறம் ஏன் அவர்மேல் கோபம் வருகிறது?

செப்டம்பர் 28 – ஞாயிறு

சத்தமில்லாமல் எடுத்தால் தாள் அப்படியே இருக்கும். ஒற்றைச் சராசரி, பச்சைப் பேனா. கோருக்கு ஒன்றாக நாலு கட்டம் போட்ட தாள் வேண்டும் என்று கேட்டால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொல்லப் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்த தடவையும் அந்தப் பெஞ்சில் யாராவது காத்திருப்பார்கள். இஸ்மாயில் மாதிரி ஒருவன் திட்டு வாங்குவான்.

பயமாக இருக்கிறது. சொல்லப் போகிறேன்.

செப்டம்பர் 29 – திங்கள்

சொல்லிவிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். மிருணாள்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் துடைத்தார். கடைசியில், “மெஷினை நிறுத்தச் சொல்லி அந்த மாலையைப் போட்டவன் நான்” என்றார்.

ஒரு மணிக்கு, லேபில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, வரியை எடுத்து, நிறுத்தி ஏற்றினோம். 31, 27, 34, 29. ரிப்போர்ட் ஒன்பது செகண்ட். டாலிகஞ்ச் பெண் தானே போன் செய்து, “தீதி, உயிர் வந்துடுச்சு” என்றாள். நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார் மிருணாள்தா. இரண்டு பக்கம் எழுதி, நாலு கட்டத் தாளின் மாதிரியும் வைத்துக் கொடுத்தேன். பிறகு மிருணாள்தா இஸ்மாயிலைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். அது போதும் இன்றைக்கு.

அக்டோபர் 7

துர்கா பூஜை அஷ்டமி. ஆறு பந்தல் பார்த்தோம். எல்லாப் பந்தலிலும் அதே வேண்டுதல்தான்.

அக்டோபர் 15

ப்ரொபேஷன் முடிவு பற்றிப் பேச மிருணாள்தாவும் டைரக்டர் ஒருவரும் கூப்பிட்டார்கள். ஒன்பது வருஷ இடைவெளி பற்றி ஒரு கேள்விகூட இல்லை. “யாரும் கேட்காதப்போ ஏன் சொன்னீங்க?” என்றார் டைரக்டர். “சொல்லாம தாளை மாத்த முடியாது சார்” என்றேன். கடிதம் வரும் என்றார்கள். என்ன கடிதமோ.

நவம்பர் 14 – வெள்ளி

இன்று கேஷுவல் லீவு போட்டேன். ப்ரொபேஷனில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. எனக்கு இதுதான் முதல் லீவு. மஹிமா பள்ளியில் குழந்தைகள் தின விழா. முதல் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் போன். இஸ்மாயில்.

“அக்கா, தப்பான ஒயரைப் புடுங்கிட்டேன். ஹவுரா கிளை கால்மணி நேரம் நின்னுபோச்சு. இப்ப ஓடுது. யாரும் என்னைப் பாக்கல, ஆனா மிருணாள்தாகிட்ட நானே போயி சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“கண்ணாடியத் தொடச்சாரு. ‘நாகா தீதி திங்கக்கிழமைதான் வருவாங்க, அதுவரைக்கும் எதையும் தொடாதே’ன்னாரு.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை அணைத்தேன். திரை விலகியது. மஹிமா இரண்டாவது வரிசையில் நின்றிருந்தாள்.