நீ கட்டிய முழங்கால்

ஊருக்கெல்லாம் டொக்டராகவும் எனக்குத் தம்பியாகவும் இருந்துவிட்டுப் போன ராஜுவுக்கு,

நேற்று உன் கருமாதி முடிந்தது. ஹல்துமுல்லையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். நீ சரிசெய்த கால்களால் நடந்து வந்து, "எங்க டொக்டர்" என்று அழுதார்கள். என் தம்பி என்று சொல்லி அழ எனக்கு இடம் கிடைக்கவில்லை. பொறாமைதான். இந்த வயதில் அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

சாந்தியின் காலைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வலைப்பந்து ஆடி என் மகளின் முழங்காலுக்குள் நார் அறுந்தபோது, முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து ஒரு கீற்று நாரை எடுத்து உள்ளே கட்டலாம் என்றாய். தளர்வாகக் கட்டினால் மூட்டு மறுபடி வழுக்கும், அதிகம் இறுக்கினால் கால் மடங்காது என்றாய்.

"எவ்வளவு பலத்தில இழுப்ப?" என்றேன். பௌதிகம் படிப்பிக்கிறவளுக்கு வேறென்ன கேட்கத் தெரியும்?

"தராசுல நிறுக்கிறது தேயிலக் கொழுந்தத்தான்க்கா. இத என் கை சொல்லும்."

"உன் கை பொய் சொன்னா?"

"அதுக்குத்தான் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே கால மடக்கி நீட்டி, மடக்கி நீட்டிப் பார்ப்பேன். நார் கொஞ்சம் இளகும். திரும்ப இழுத்துட்டுத்தான் பூட்டுவேன். போதுமாங்க டீச்சர்?"

சாந்தி சிரித்தாள். இழுத்துப் பிடித்த பொருள் மெல்ல இளகும் என்பது என் பாடம். நான் சொன்னால் கொட்டாவி விடுகிறவள், நீ சொன்னதும் வாய் பிளந்து கேட்டாள். அது எப்படி, தம்பி?

சத்திரசிகிச்சைக்குப் பிறகு தினமும் காலையில் அந்தக் காலை மடக்கப் பயிற்சி கொடுத்தது நான்தான். வலித்தால் என்னைத்தான் திட்டுவாள். "மாமா வரட்டும், மாமா சொன்னா செய்றேன்" என்பாள். கால் பாதி மடங்கும், அங்கேயே நிற்கும். முழுதாக மடங்குமா என்று பார்க்க நீ இருக்கவில்லை. ஆஸ்பத்திரிப் படியிலேயே உன் இதயம் நின்றுவிட்டது.

அவளுக்கு மடுல்சீமைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை நியமனம் வந்திருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் தொழிலாளர் லயங்களைத் தாண்டிச் செங்குத்தான பாதை. மடங்காத காலோடு முடியாது. நீ அதிகமாக இறுக்கிவிட்டாய் என்றே நினைத்தேன். கடைசியில் உன் கையும் தவறியதே என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதற்கு மேல் எழுதமாட்டேன்.

நேற்றுப் பந்தியில் எல்லாரும் பாயில் உட்கார்ந்தார்கள். சாந்திக்கு மட்டும் நாற்காலி போட்டேன்.

"வேணாம்மா. மாமாவோட சாப்பாடு. கீழ உக்காந்துதான் சாப்பிடுவேன்."

சுவரைப் பிடித்து இறங்கினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு காலை மடித்தாள். பிறகு அந்தக் காலை. சம்மணம் போட்டுவிட்டாள், ராஜு. இலைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"பாத்தீங்களாம்மா? மாமா கட்டினது."

தினமும் அதைப் பிடித்து மடக்கியது யார் என்று நான் கேட்கவில்லை. சாம்பாரை ஊற்றினேன். கேட்டால்தான் என்ன, நீ பதில் சொல்வாயா?

திங்கட்கிழமை அவளை மடுல்சீமைக்குக் கூட்டிப்போகிறேன். சரிவில் அவளே முன்னால் இறங்கட்டும், கையைப் பிடிக்கமாட்டேன். இந்தக் காலை யார் சரிசெய்தது என்று அங்கே கேட்பார்கள். அவள் உன் பெயரைச் சொல்வாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், இது உறுதி. பொறாமை போய்விடும் என்று மட்டும் எழுதித் தர முடியாது.

இன்னும் உன்னோடு போட்டி போடும்
உன் அக்கா