இஸ்டோர்

அன்பு மகளுக்கு,

பழைய பாலம் வெள்ளத்தோட போச்சே, நீ தவழ ஆரம்பிச்ச வருஷம், அதை மனசில் வைச்சுக்கிட்டு இதைப் படி. நான் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரர் சம்சாரம் எழுதறா. இங்கே எல்லாரும் சுகம், உன் சுகத்தைத்தான் கேட்கணும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. இடுப்பு ஒடிஞ்ச உன் தாய்மாமன் நம்ம முன்னறையில்தான் கிடக்கான், மாத்திரையிலிருந்து குளியல் வரைக்கும் நான்தான், மச்சானை இப்படித் தாங்கற ஆளை நான் பார்த்ததில்லைன்னு டாக்டரே சொல்லிட்டார், அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

பாடம் மண்டையில் ஏறலை, வேற பாடத்துக்கு மாறப் போறேன்னு போனில் சொன்னியே, மாறிடாதே. முதல் மாசம் நீதானே சொன்னே, இங்கிலீஷ் வார்த்தை ஆரம்பத்தில் எஸ்ஸோட இன்னொரு மெய் ஒட்டி வந்தா நம்ம நாக்கு தானாவே முன்னாடி ஒரு இகரம் போட்டுக்கும், அது தப்பு இல்லை, நாக்கோட சட்டம்னு உங்க வாத்தியாரம்மா நடத்தினாங்கன்னு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. அந்தப் பாலம் அடிச்சுக்கிட்டுப் போன வருஷம், மூட்டை தூக்கினது போதும்னு ஃபேக்டரியில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கற வேலை கேட்டு வரிசையில் நின்னேன். எங்கே வேணும்னு மேனேஜர் கேட்டார், இஸ்டோரில்னு சொன்னேன். (இவ ஸ்டோர்னு எழுதிட்டா, அடிச்சு இகரம் போடச் சொல்லியிருக்கேன்.) எனக்குப் பின்னாடி நின்னவன், இன்னொரு தடவை சொல்லுங்க, ஐயாவுக்குக் காதில் விழலைன்னான். நானும் மடையன் மாதிரி சத்தமா சொன்னேன். மேனேஜர் சிரிச்சார், டைப் அடிக்கற அம்மா சிரிச்சாங்க, வாட்ச்மேன்கூட. வேலை எனக்கும் இல்லை, பின்னாடி நின்னவனுக்கும் இல்லை, ஒரு பிரயோஜனமும் இல்லாம சிரிச்சான் பாரு, அதுதான் ஆறலை. மூட்டை தூக்கறதை விட்டு நிக்கற வரைக்கும் ஃபேக்டரி கேட்டில் நான் இஸ்டோர்தான், பள்ளிக்கூடத்தில் நீ இஸ்டோர் பொண்ணு, அழுதுக்கிட்டு வருவியே.

அதனால பரீட்சை எழுது, பாஸ் பண்ணு, லீவுக்கு வா. வந்து அவன் முன்னாடி நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தச் சட்டத்தை முதல்ல இங்கிலீஷில் சொல்லு, அப்புறம் நம்ம பாஷையில் நிறுத்தி நிதானமா சொல்லு. போன வாரம் ஆஸ்பத்திரியில் அவனே இஸ்கேன் எப்போன்னு கேட்டான். நான் வாயைத் திறக்கலை, உனக்காக வைச்சிருக்கேன்.

வேளைக்குச் சாப்பிடு, தலையைத் துவட்டாம வெளியே போகாதே. நீ நூறு வயசு நல்லா இருக்கணும். மேனேஜர் போயிட்டார், டைப் அம்மா போயிட்டாங்க, வாட்ச்மேனும் போயாச்சு, ஒருத்தர் வீட்டுக்கும் நான் துக்கம் கேட்கப் போகலை. சீக்கிரம் வா, மாத்திரையும் எத்தனை நாள்தான் தாங்கும். சிரிச்சவங்களில் இப்போ உயிரோட இருக்கறது நம்ம முன்னறையில் படுத்திருக்கற உன் தாய்மாமன் ஒருத்தன்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா இஸ்டோர்