அம்மா தட்டோடு நின்றது நிஜம்

12.12.1983

அன்புள்ள தம்பி பரசுராமனுக்கு,

அக்கா சரோஜா எழுதுவது. இங்கே அம்மா, நான், காளைகள் இரண்டும் சுகம். ஜபல்பூர் குளிரில் நீயும் கங்காவும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய கம்பளியை அம்மா போர்த்திக்கொள்வதில்லை, மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்கிறாள். உயரம் சரியாக இருக்கிறதாம்.

உன் கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் கோபம்தான் வந்தது. அம்மா சத்துணவுக் கூடத்து வாசலில் தட்டோடு நிற்கிறாள், ஹவில்தாரைப் பெற்றவள் சர்க்கார் சோற்றுக்குக் கையேந்துகிறாள் என்று நடேசன் மாமா எழுதினாராம். அவருக்குக் கூண்டு வண்டியைக் கொடுத்துவிடு, பொங்கலுக்கு வந்து அம்மாவை இங்கே அழைத்து வருகிறேன் என்று எனக்கு உத்தரவு போட்டிருக்கிறாய். பட்டாளத்துக்கு உத்தரவு போடு, அக்காவுக்கு வேண்டாம்.

மாமா பார்த்தது நிஜம். அம்மா தட்டோடுதான் நின்றாள். அந்தத் தட்டு யாருடையது என்று அவர் எழுதவில்லை, இல்லையா? நான் எழுதுகிறேன்.

நான் அமைப்பாளராக இருக்கும் கூடத்தில் இந்த வருஷத்திலிருந்து முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கும் மதியச் சோறு போடுகிறோம். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்ததும் அவர்கள் உட்காருவார்கள். பல் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சோற்றை இன்னும் ஒரு கொதி விட்டுக் குழைத்து எடுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். காலனி சின்னப்பொண்ணுவும் நித்தம் வந்துகொண்டிருந்தாள். நம் வயலில் முப்பது வருஷம் நாற்று நட்ட அதே சின்னப்பொண்ணுதான். ஆடி மாதம் ஏரிக்கரையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்துவிட்டது. அப்புறம் அவளால் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை.

நான் தூக்குச் சட்டியில் சோறு போட்டு அனுப்பினேன். மேலே இருந்து வந்த அதிகாரி பார்த்துவிட்டார். இங்கே வந்து சாப்பிட வேண்டும், வெளியே கொடுத்தனுப்பக் கூடாது, வராதவர் பெயரை எடுத்துவிடு என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, போகிற சோற்றில் பாதி வழியிலேயே வேறு வாய்க்குப் போய்விடுகிறது. ஆனால் பெயரை எடுத்தால் அவள் பட்டினிதான், எடுக்காவிட்டால் என் வேலைக்கு ஆபத்து. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கென்று இருப்பது இந்த வேலை ஒன்றுதானே.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "இதுக்கா அழுவுற? அவளால வர முடியலன்னா நாமதான் போயி இட்டுகினு வரணும்" என்றாள். மறுநாள் காலையில் கூண்டு வண்டியைத் துடைத்து, வைக்கோல் பரப்பி, காளைகளைத் தானே பூட்டினாள். அப்பா படுத்த படுக்கையாக இருந்த வருஷம் ஓட்டியது, அதற்கப்புறம் இப்போதுதான் கயிற்றைப் பிடிக்கிறாள். அறுபத்திரண்டு வயது. நான் பதறினேன், காளைகள் பதறவில்லை.

சின்னப்பொண்ணு ஏறவே மாட்டேன் என்றாளாம். "வாணாம்மா, ஊரு இன்னா சொல்லும், பழி எனக்கு வந்துடும்" என்று அழுதாளாம். அம்மா கீழே இறங்கிவிட்டாள். "நீ ஏறலன்னா நானும் நடந்தேதான் வருவேன். வண்டி காலியா வரட்டும், ஊரு அத்தப் பாத்து சிரிக்கட்டும்" என்றாளாம். அப்புறம் இரண்டு பேர் பிடித்துத் தூக்கி வைத்தார்கள்.

அவளால் தரையில் உட்கார முடியாது. கையும் நடுங்குகிறது. அதனால் பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்தி, அவள் உள்ளே இருந்தபடியே சாப்பிடுகிறாள். அவள் வாய்க்கு எட்டும் உயரத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு அம்மா கீழே நிற்கிறாள். மாமா பார்த்தது இதைத்தான். அம்மா ஒரு பருக்கை வாயில் போடுவதில்லை, வீட்டுக்கு வந்து பழையதுதான் சாப்பிடுகிறாள்.

இப்போது வண்டியில் ஐந்து பேர் வருகிறார்கள். நீ பிறந்ததும் உன்னைக் கையில் வாங்கிய மருத்துவச்சி லூர்தம்மாள் வருகிறாள். பார்வை போன இரண்டு கிழவர்கள் வருகிறார்கள். ஐந்தாவது ஆளைப் பற்றி மாமா மூச்சு விட்டிருக்க மாட்டார். அவரைத் தூக்கி வளர்த்த சித்தி பாப்பம்மாள்தான் அது. ஒருநாள் தானாக வாசலில் வந்து நின்று கையைக் காட்டி வண்டியை நிறுத்தினாள். அன்றிலிருந்துதான் மாமாவுக்கு நம் மானத்தின் மேல் இவ்வளவு அக்கறை.

போன வாரம் அந்த அதிகாரி மறுபடி வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதற்கு யார் வாடகை கொடுப்பது என்று கேட்டார். "எங்க வூட்டு வண்டிக்கு இன்னா வாடகை?" என்றாள் அம்மா. அவர் சிரித்துவிட்டுச் சின்னப்பொண்ணுவின் பெயருக்கு நேரே தானே டிக் போட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது தம்பி. நம் அம்மா என்று கூவ வேண்டும் போல இருந்தது.

ஒன்று நினைத்துப் பார். என் கல்யாணத்துக்குத்தான் அப்பா இந்த வண்டியைச் செய்தார். நான் உள்ளே பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தேன். சின்னப்பொண்ணு தலையில் சீர்க்கூடையோடு என் புகுந்த ஊரான படப்பை வரைக்கும் பின்னால் நடந்து வந்தாள். ஏறிக்கொள் என்று நானும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. நமக்கு அது தோன்றவே இல்லை. அம்மா அதை நினைத்துக்கொண்டுதான் வண்டியைப் பூட்டினாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்ல மாட்டாள்.

அதனால் வண்டியைக் கொடுக்க மாட்டேன். அம்மாவை நீ அழைத்தால் வருவாளா என்பதை அவளிடமே கேள். பொங்கலுக்குக் கட்டாயம் வா, கங்காவையும் குழந்தையையும் அழைத்து வா. கூட்டு ரோட்டில் நீ இறங்கும் நேரம் எங்கள் மதியச் சோற்று நேரம். அம்மா வண்டியோடு அந்த வழியாகத்தான் வருவாள். கங்காவுக்கும் குழந்தைக்கும் இடம் பண்ணிக் கொடுப்பார்கள். அம்மா பக்கத்தில் ஏறப் பார்க்காதே, பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்று லூர்தம்மாள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டாள். உள்ளே சின்னப்பொண்ணு கால் நீட்டியிருப்பாள்.

நீ மட்டும் பின்னால் நடந்து வா. உன்னைப் பார்த்ததும் அவள் இறங்கப் பார்ப்பாள். இறங்க விடாதே, ராசா.

ஆசீர்வாதங்களுடன்,
அக்கா சரோஜா