கதவின் அச்சு

மார்ச் 3, இரவு

அன்புள்ள அக்கா,

நலம் என்று எழுதத்தான் நினைத்தேன். பொய் எதற்கு, பயமாக இருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவை ஒரு விரற்கடை திறந்துவைத்து அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். ஒரு நிமிடம் தாண்டினால் அது கீச்சிடும், அத்தை எழுந்துவிடுவாள். மூடி மூடித் திறக்கிறேன். வரி கோணினால் திட்டாதே.

கேக் கண்காட்சிக்கு அத்தை இஞ்சி பிஸ்கட்டில் வீடு செய்கிறாள். நம் வீடேதான். கூரையைத் தூக்கினால் உள்ளே எல்லா அறையும் தெரியும். ஜன்னல், குழாய், கதவு எல்லாம் சாக்லேட்டில் அச்சு வார்ப்பது என் வேலை. நேற்று ஜன்னலில் காற்றுக் குமிழி விழுந்துவிட்டது.

"கையா இது, உலக்கையா? உங்கக்கா புத்திதானே உனக்கும்! உள்ளேயே உட்கார்ந்து பண்ணு!" என்று ஸ்டோர் ரூமில் தள்ளிப் பூட்டினாள். கோபத்தில் என் கையைப் பார்க்கவில்லை. கலந்தால் இறுகும் அச்சு ரப்பர் மாவு, இரண்டு உருண்டை, கிண்ணத்தோடு இருந்தது.

இருட்டில் கதவின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முழங்கால் உயரத்தில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. நீ ஊக்கால் கீறியது. அப்பா வந்து பார்ப்பதற்குள் அத்தை பச்சை பெயிண்ட் அடித்தாளே, அதே இடம். அப்பா உன்னைப் பொய்க்காரி என்று அறைந்தார். நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மறுநாள் நீ யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டாய்.

இரண்டு மாவையும் பிசைந்து அதன்மேல் அழுத்தினேன். அரை மணியில் இறுகிவிட்டது. உள்ளங்கை அளவு. பெயிண்ட் கண்ணுக்குத்தான் மறைத்திருக்கிறது அக்கா. ரப்பரில் உன் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நிற்கிறது.

இதை என்ன செய்வது? பேசாமல் உருக்கின சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுவிடட்டுமா? மணல் மாதிரித் திரிந்துபோகும். கண்காட்சியும் போகும், அவள் மானமும் போகும்.

பதிலைத் தையல்காரம்மா கடைக்கே போடு. தைக்கக் கொடுத்த பாவாடைக்குள் மடித்து வைத்துத் தருவார்கள்.

உன்
குட்டி


மார்ச் 8

குட்டிக்கு,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஹாஸ்டலில் இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை.

தண்ணீர் விடாதே. கெட்டுப்போனால் அடி உனக்குத்தான், அனுதாபம் அவளுக்கு. நன்றாகச் செய். அவள் ஆயுசில் அப்படி ஒரு வீடு செய்ததில்லை என்று ஊரே குனிந்து குனிந்து பார்க்கவேண்டும். சாக்லேட் ஊற்றியதும் அச்சைத் தட்டு, குமிழி மேலே வந்துவிடும். முழுக்க இறுகும்வரை எடுக்காதே, எழுத்து உடையும்.

ஸ்டோர் ரூமுக்கு எந்தக் கதவு வைக்கவேண்டும் என்று நான் சொல்லவேண்டுமா? இரண்டு வார்த்துக்கொள்.

அன்று வாயைத் திறக்காததற்கு உன்மேல் கோபம் இருந்தது. பொய் சொல்லமாட்டேன், இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அக்கா


மார்ச் 21, இரவு

அன்புள்ள அக்கா,

இன்று கண்காட்சி முடிந்தது. இப்போது பயம் பாதிதான்.

கதவை நேற்று கடைசி நேரத்தில்தான் ஒட்டினேன். எழுத்து உள்பக்கம் பார்த்து நின்றது. அத்தைக்கு வெளிப்பக்கம்தான் தெரிந்தது. "பரவாயில்லயே, மருமகளுக்குக் கை வந்துருச்சு!" என்று கன்னத்தைக் கிள்ளினாள். வலித்தது.

விடுப்பில் வந்திருந்த அப்பாவும் கண்காட்சிக்கு வந்தார். நடுவராக வந்த கண்ணாடிக்காரம்மாவுக்காக அத்தையே கூரையைத் தூக்கினாள். "எங்க வீடுதாங்க, ஒண்ணு விடாம அப்படியே இருக்கு!" என்றாள். அந்தம்மா குனிந்து பார்த்துவிட்டுச் சத்தமாகப் படித்தார்கள்.

"'அத்தை என்னைப் பூட்டிட்டா. இன்னியோட மூணு நாள். தண்ணி.' என்னம்மா இது?"

அத்தை என்ன செய்தாள் தெரியுமா? கதவைப் பிடுங்கி வாயில் போட்டாள்! "சின்னப் பிள்ளை விளையாட்டுங்க. சாப்பிடுற பொருள்தானே" என்று மென்றுகொண்டே சிரித்தாள். பல்லெல்லாம் கறுப்பு. அவ்வளவு பெரிய துண்டு, விழுங்கமுடியாமல் கண்ணில் நீர் வந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னொரு தடவை பார்க்கவேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது கதவை அப்பா கையில் வைத்தேன். ஸ்டோர் ரூமுக்குள் போய், சாவியால் பெயிண்டைச் சுரண்டினார். "தம்பி, நான் சொல்றதைக் கேளுடா" என்று அத்தை வெளியே நின்று அழுதாள். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சாக்லேட் விரலிடுக்கில் உருகி வழிந்தது, துடைக்கக்கூட இல்லை.

பிறகு என்னிடம், "அக்கா விலாசம் குடும்மா, போய்க் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வரேன்" என்றார்.

கொடுக்கவில்லை. நீ சொன்னால்தான் கொடுப்பேன். இந்தத் தடவை வாயை மூடியிருப்பது உனக்காக.

உன்
குட்டி


மார்ச் 26

குட்டி,

கொடுக்காதே.

அவர் அழட்டும். அந்த மூன்று நாளும் நானும் உள்ளே அழுதேன், வெளியே அவள் கேக்குக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பும்போது அவர் பெட்டியில் ஒரு கதவு வை. உருகினால் இங்கிருந்து இன்னொன்று வார்த்து அனுப்புவோம். நீ கிளம்பும்வரை அத்தை காபித் தட்டிலும் தினம் ஒன்று இருக்கட்டும். பிடித்துத்தானே சாப்பிட்டாள்!

உன்னை மட்டும் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிட அவரிடம் சொல். கடைசி நிறுத்தத்தில் நிற்பேன். கூட அவர் வந்தால் என்னைப் பார்க்கமாட்டீர்கள், இரண்டு பேருமே.

துணிமணி விட்டுப்போனாலும் பரவாயில்லை. அச்சை மறக்காமல் எடுத்து வா.

அக்கா