நூறா, இருபத்தொன்றா

பிப்ரவரி 3, செவ்வாய்
நல்ல வெயில். காற்று குறைவு. நெத்திலி ஒரே நாளில் காய்ந்தது. சாயங்கால முதியோர் எழுத்து வகுப்பு இல்லை, டீச்சருக்குக் காய்ச்சல். மச்சினன் விட்டுப்போன பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மஸ்கட்டிலிருந்து வந்த கேமரா. பிரிக்காத கறுப்பு வெள்ளை பிலிம் ரோல் ஒன்று. வெளிச்சம் அளக்கும் மீட்டர், உள்ளங்கை அளவு. பேட்டரி கிடையாது. வெயிலில் காட்டினால் முள் தானே எழும்புகிறது!

"சின்னப்புள்ள மாதிரி எதுக்கு வெளையாடுதிய?" என் பெண்டாட்டி திரேசா.

பிப்ரவரி 5, வியாழன்
பேரன் போனில் எடுத்த படத்தால் சண்டை. போன் திரேசாவை வெளுப்பாக்கிவிடுகிறது. "இது ஆருக்க மொகம்? எனக்கதா?" என் பெண்டாட்டி கறுப்பு. நல்ல கறுப்பு. கல்யாணப் படத்தைச் சுனாமியில் கடல் கொண்டுபோனது. அதன்பின் அவள் முகம் அவள் முகமாக எந்தப் படத்திலும் இல்லை. நான் எடுக்கிறேன் என்றேன். ஞாயிறு பூசை முடிந்து உட்காருவாளாம். ஒரே ஒரு தடவை.

மீட்டரில் பிலிமின் வேகத்தை வைக்க ஒரு சின்ன ஜன்னல். வேகம் என்றால் ஓட்டம் இல்லை, எவ்வளவு வெளிச்சம் போதும் என்ற கணக்கு. கருவாடு மாதிரிதான். நெத்திலிக்கு ஒரு வெயில் போதும், எண் பெரிது. சூரைக்கு நாலு வெயில் வேணும், எண் சிறிது.

ரோல் டப்பாவில் 100, ஒரு சாய்வுக் கோடு, 21. நானே வாசித்தேன். ஜன்னல் ஒன்றுதான், எதை வைக்க? மீன் ஏலத்தில் கடைசியாகச் சொன்ன எண்தான் நிற்கும். 21 வைத்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு
எடுத்தாச்சு. கிணற்றடி, முருங்கை நிழல். முழு ரோலும். "இன்னும் முடியல்லியா? கழுத்து கடுக்கு." மீட்டர் முள் சொன்னபடியே கேமராவில் வைத்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்
கோட்டாறு ஸ்டுடியோவில் ரோல் கொடுத்தேன். கழுவக் கொச்சிக்குப் போகுமாம்.

"மீட்டருல எத்தன வச்சீரு பாட்டா?" என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். தலையில் கை வைத்துவிட்டார். "ரெண்டும் ஒரே வேகந்தான் பாட்டா! நூறு அமெரிக்காக்காரன் கணக்கு. இருபத்தொண்ணு ஜெர்மன்காரன் கணக்கு. ஒமக்க ஜன்னலு அமெரிக்காக்காரனுக்குள்ளது. அஞ்சு மடங்கு வெளிச்சத்தக் கொட்டிட்டீரே!"

நெத்திலியை நாலு நாள் காயவைத்தால் என்ன மிஞ்சும்? தூள். போன் வெளுப்பாக்கியது போதாதென்று நானும்.

திரேசாவிடம் சொல்லிவிட்டேன். "ஏலத்துல கடைசி எண்ணப் புடிக்கது மாதிரியா கேமராவுலயும் புடிப்பிய?" சிரித்தாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்
மழை வரும்போல் மூட்டம். கருவாட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கோட்டாறு போனேன். படம் வந்திருக்கிறது!

கடைக்காரர்: "ரோலு கெழடு பாட்டா. பெட்டிக்குள்ள கெடந்து வேகம் செத்துப்போச்சு. நூறு வச்சிருந்தா வெறும் இருட்டு. நீரு கொட்டுன வெளிச்சந்தான் காப்பாத்திச்சு."

ஓரமெல்லாம் புகை மாதிரி மங்கல். நடுவில் அவள். கறுப்பு. கன்னத்து மரு, மூக்குத்தி, நெற்றிக் கோடு, எல்லாம் தனித்தனியாக. கிழட்டுப் பிலிமுக்குக் கூடுதல் வெளிச்சம் கொடுக்கணும்.

வீட்டில் வந்து நீட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ம். நாந்தான்."

படத்தோடு எதிர்வீட்டு மேரியிடம் போனவள் இன்னும் வரவில்லை. இப்போது அதற்கடுத்த வீட்டில் அவள் சத்தம் கேட்கிறது. கஞ்சி ஆறிவிட்டது.